குழந்தை முகத்துல தடவுற ஆயின்மென்ட் ட்யூபை ஒரு தடவை திருப்பிப் படிங்க

குழந்தைங்களுக்கு முகத்துல வந்துட்டு போகாம இருக்குற தோல் பிரச்சனை பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். கை கால்ல வந்தா சட்டைக்குள்ள மறைஞ்சிடும், முகத்துல வந்தா பாக்கிறவங்க எல்லாரும் கேப்பாங்க, கேக்குறவங்க எல்லாரும் கையோட ஒரு வைத்தியமும் சொல்லிட்டுப் போவாங்க, சின்னதா இருந்தது பெருசாகுறதுல பாதி அங்கதான் ஆரம்பிக்குது. எங்க சின்னவளுக்கு கைக்குழந்தையா இருக்கும்போதே வந்தது, இப்ப யூகேஜி போறா. முழுசா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்க கைக்குள்ள இருக்கு.

முதல்ல ரெண்டு கன்னமும் லேசா சொரசொரன்னு இருந்துச்சு. அப்புறம் தடிச்சு, தண்ணி மாதிரி கசிஞ்சு, காஞ்சு பொருக்கு தட்டி, பொருக்கு உதிர்ந்த இடத்துல திரும்ப கசியும். ராத்திரி தோள்ல போட்டா என் நைட்டியில கன்னத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு தேய்ச்சுக்கிட்டே இருப்பா, கையால சொறியத் தெரியாத வயசு, பசிக்கு அழறாளா அரிப்புக்கு அழறாளான்னு கூட பிரிச்சுப் பார்க்க முடியாது. காலையில தலைகாணி உறையில பொடிப் பொடியா ரத்தப் பொட்டு இருக்கும். ஒரு விஷயம் கவனிச்சேன், கன்னம் இவ்ளோ மோசமா இருந்தும் மூக்கு நுனி மட்டும் சுத்தமா அப்படியே இருந்துச்சு. ஸ்கின் டாக்டரும் அதைப் பார்த்துட்டுதான் இது அடோபிக் எக்ஸிமான்னு சொன்னாங்க, கைக்குழந்தைக்கு கன்னம், நெத்தி, உச்சந்தலைன்னு வரும், மூக்கையும் அதைச் சுத்தியும் பெரும்பாலும் விட்டுடும், ரெண்டு வயசுக்கு மேல முழங்கை மடிப்பு, முட்டி மடிப்புக்கு இறங்கிடும்னு சொன்னாங்க. நம்ம நிறத்துல இது புத்தகத்துல போட்ட படம் மாதிரி ரோஜா சிவப்பா தெரியாது, கருஞ்சிவப்பாவோ சாம்பல் பூத்த மாதிரியோ தான் தெரியும், அதனால கண்ணால பார்த்து லேசா தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, விரலால தடவிப் பாருங்க.

எங்க அம்மா பார்த்த உடனே கரப்பான்னு சொல்லிட்டாங்க. கரப்பான்னு சொன்னா அடுத்து பத்தியம் தான். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது, நிலக்கடலை கூடாது, பால் குடுக்குறவ நீ தானே, நீ சாப்பிடுறது தான் அவளுக்கு போகுதுன்னு. அவங்க பாசத்துல தான் சொல்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா பிள்ளை பெத்து ராத்திரி தூக்கம் இல்லாம பால் குடுத்துட்டு இருக்குற பொம்பளைக்கு ரசம் சாதமும் பூண்டுக் குழம்பும் மட்டும்னா உடம்பு என்ன ஆகும்? டாக்டர்கிட்ட நேரா கேட்டேன். எல்லா எக்ஸிமா குழந்தைக்கும் சாப்பாடு காரணம் கிடையாது, குழந்தைக்கு குறிப்பிட்ட ஒண்ணு குடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள உதடு வீங்குது, உடம்புல தடிப்பு தடிப்பா கிளம்புது, வாந்தி எடுக்குதுன்னா அது அலர்ஜி, அப்ப அந்த ஒண்ண மட்டும் டெஸ்ட் பண்ணி பார்த்து நிறுத்தலாம், சும்மா சந்தேகத்துல அம்மாவும் பட்டினி பிள்ளையும் பட்டினின்னு ஆக்காதீங்கன்னாங்க. முட்டை, கடலை எல்லாம் தள்ளிப் போட்டா அலர்ஜி வராதுன்னு முன்னாடி நினைச்சிட்டு இருந்தாங்க, 2015ல லண்டன்ல வந்த ஒரு பெரிய ஆய்வு அதைத் தலைகீழா மாத்திடுச்சு, மோசமான எக்ஸிமா இருந்த கைக்குழந்தைங்களையும் சேர்த்துத்தான் அந்த ஆய்வு, சின்னதுலேர்ந்தே நிலக்கடலை சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு தான் கடலை அலர்ஜி ரொம்ப கம்மியா வந்துச்சு. ஆனா எக்ஸிமா மோசமா இருக்குற குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க, முழுக் கடலையா குடுக்காதீங்க தொண்டையில அடைச்சிடும், நல்லா அரைச்சு கூழ்ல கலந்து தான்.

அப்ப காரணம் என்னன்னா, ரத்தத்துல அழுக்கு, சூடு அதெல்லாம் இல்லை, தோல் தான். ஓடு விலகின கூரை மாதிரி, உள்ள இருக்குற ஈரமும் நிக்காது, வெளிய இருக்குற தூசி, சோப்பு, வேர்வை, கிருமி எல்லாமும் உள்ள இறங்கிடும். தோலோட மேல் அடுக்கை இறுக்கிப் பிடிக்க ஃபிலாக்ரின்னு ஒரு புரோட்டீன் வேணும், அதுக்கான ஜீன்ல கோளாறு இருந்தா எக்ஸிமா வர்ற வாய்ப்பு அதிகம்னு 2006ல ஸ்காட்லாந்து டண்டீ யுனிவர்சிட்டி ஆட்கள் கண்டுபிடிச்சாங்க. எல்லா குழந்தைக்கும் இதே ஜீன் தான்னு இல்லை, ஆனா இதைக் கேட்ட அன்னிக்கு எனக்கு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு, ஏன்னா அதுவரைக்கும் நான் சாப்பிட்டதாலயா நான் சுத்தமா வெச்சுக்கலையான்னு தான் எல்லா வாயும் என்னையே பார்த்துட்டு இருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இதை எழுத உக்கார வெச்சதே இதுதான்.

எங்க நாத்தனார் பையனுக்கு வாயைச் சுத்தி லேசா தான் அரிப்பு இருந்தது, ஜொள்ளு வடிஞ்சு வர்ற சாதாரண புண்ணு. தெருமுனை மெடிக்கல்ல போய் கேட்டதுக்கு, சீட்டு ஏதும் கேக்காம, போனைக் கூட கீழ வைக்காம ஒரு ட்யூபை எடுத்து குடுத்திருக்காங்க, ஐம்பது ரூவாய்க்கும் கம்மி. போட்டாங்க, மறுநாளே முகம் பளிங்கு மாதிரி ஆயிடுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். நிறுத்தினா நாலு நாள்ல திரும்ப வந்துச்சு, திரும்ப போட்டாங்க, இப்படியே மாசக்கணக்கா போச்சு. பையனை ஒரு கல்யாணத்துல பார்க்குறேன், வாயைச் சுத்தி, மூக்குக்கு ரெண்டு பக்கம், கண்ணுக்குக் கீழ வரைக்கும் வேர்க்குரு மாதிரி பொடிப் பொடியா சிவந்த கட்டி, உதட்டை ஒட்டி ஒரு மெல்லிசு கோடு மட்டும் தெளிவா இருக்கு. கன்னத்துல தோல் அவ்ளோ மெலிசா, உள்ள இருக்குற நரம்பு நூல் நூலா தெரியுது. பையில அந்த ட்யூப் இருந்துச்சு, வாங்கிப் பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்துல மூணு பேர் போட்டிருந்தது, க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசால்.

க்ளோபெட்டசால்னா ஸ்டீராய்டு, அதாவது தோல் வீக்கத்தையும் அரிப்பையும் அடக்குற மருந்து, அந்த க்ரீம்லயே உச்சகட்ட பவர். பெரியவங்களுக்கே உள்ளங்கை, உள்ளங்கால் மாதிரி தடிச்ச தோலுக்கு கொஞ்ச நாளைக்கு குடுக்குறது. அது கூட ஒரு ஆன்ட்டிபயாட்டிக், ஒரு படர்தாமரை மருந்து, எது வந்தாலும் ஏதாவது ஒண்ணு வேலை செய்யட்டும்னு மூணையும் ஒரே ட்யூப்ல போட்டு விக்கிறாங்க. இதை குழந்தை முகத்துல போடுறதுல ஆபத்து என்னன்னா, முகத்துத் தோல் எல்லா இடத்துத் தோல் மாதிரி கிடையாது. 1967லயே அளந்து பார்த்திருக்காங்க, முன்கையில ஒரு பங்கு ஸ்டீராய்டு உள்ள இறங்குச்சுன்னா நெத்தியில 6 பங்கும் தாடையில 13 பங்கும் இறங்குது. அது பெரியவங்க தோல்ல பார்த்த கணக்கு. குழந்தைக்கு உடம்பு எடையைப் பார்க்க தோல் பரப்பு அதிகம், அதனால உள்ள போறது இன்னும் கூடத் தான் போகும். தோல் மெலியும், நிறம் வெளிறும், பூனை முடி முளைக்கும், கண்ணுக்குப் பக்கத்துல ரொம்ப நாள் போட்டா கண் பிரஷர் ஏறலாம். படர்தாமரை இருந்து அது மேல போட்டா வட்டம் கலைஞ்சு உருவமே மாறிப் போய், அப்புறம் டாக்டராலயே சட்டுன்னு கண்டுபிடிக்க முடியாது.

2018ல மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீமெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஷெட்யூல் ஹெச் கட்டுப்பாட்டுக்குள்ள இன்னும் இறுக்கமா கொண்டு வந்துச்சு. தோல் டாக்டர்கள் சங்கம் பல வருஷமா இதுக்காக போராடிருக்காங்க. அட்டைப் பெட்டியில எச்சரிக்கை எல்லாம் அச்சடிச்சு தான் இருக்கு. ஆனா இன்னைக்கும் எந்த ஊர்ல வேணா போய் கேளுங்க, கிடைக்கும். எனக்கு இதுல கோவம் கோவமா வருது. பெத்தவங்களுக்கு பேர் தெரியாது, நம்பி வாங்குறாங்க, விக்கிறவங்களுக்கு தெரியும்.

அதனால தான் ட்யூபைத் திருப்பிப் படிங்கன்னு சொல்றேன். பிராண்ட் பேரை விடுங்க, கீழ சின்ன எழுத்துல இருக்குற மருந்துப் பேரைப் பாருங்க. க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இந்தப் பேர் ஏதாவது இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம குழந்தை முகத்துக்கு கிட்டயே கொண்டு போகாதீங்க. ஏற்கனவே ரொம்ப நாளா போட்டுட்டு இருக்கீங்கன்னா ட்யூபைத் தூக்கிப் போட்டுடாம கையோட எடுத்துட்டு ஸ்கின் டாக்டர்கிட்ட போங்க. நிறுத்தின முதல் ஒண்ணு ரெண்டு வாரம் முகம் முன்னாடி இருந்ததை விட மோசமா பொங்கும், அதைப் பார்த்து பயந்து போய் திரும்ப அதையே தடவுறதுனால தான் நிறைய பேரு வெளிய வர முடியாம மாட்டிக்கிறாங்க. எங்க நாத்தனாருக்கும் டாக்டர் இதை முதல்லயே எடுத்துச் சொல்லிட்டாங்க, ஸ்டீராய்டு இல்லாத வேற மருந்து குடுத்து, பொறுமையா இருங்கன்னாங்க, அந்த பொங்குற காலத்துல தினம் எனக்கு போன் பண்ணி அழுவாங்க. இப்ப பையன் முகம் சுத்தமா இருக்கு, அந்த நரம்பு கோடு மட்டும் லேசா தெரியுது.

இதைப் படிச்சிட்டு ஸ்டீராய்டுன்னாலே விஷம்னு முடிவு பண்ணிடாதீங்க, அதுவும் குழந்தையைத் தான் பாதிக்கும். என் பொண்ணுக்கு டாக்டர் குடுத்ததும் ஸ்டீராய்டு தான், ஆனா 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், இருக்குறதுலயே லேசானது. பயந்துக்கிட்டு பொட்டு அளவு தொட்டு வெச்சா அரிப்பு அடங்காது, அரிப்பு அடங்காம சொறிஞ்சா தோல் இன்னும் கிழியும், அது ஒரு வட்டம். எவ்ளோ போடணும்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு, 1991ல வந்த கணக்கு, ட்யூப்லேர்ந்து பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனியிலேர்ந்து முதல் கோடு வரைக்கும் ஒரு வரி பிதுக்கினா அது கிட்டத்தட்ட அரை கிராம். மூணுலேர்ந்து ஆறு மாசக் குழந்தைக்கு முகம் கழுத்து ரெண்டுக்கும் சேர்த்து அந்த ஒரு வரி, ஒண்ணு ரெண்டு வயசுன்னா ஒண்ணரை வரி. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போட்டுட்டு நிறுத்திடணும். கண் இமை மாதிரி இடத்துக்கு ஸ்டீராய்டே இல்லாம டாக்ரோலிமஸ் 0.03 சதவீதம்னு ஒரு ஆயின்மென்ட் ரெண்டு வயசுக்கு மேல எழுதித் தருவாங்க, முதல் சில நாள் எரியும், முன்னாடியே சொல்லிட்டா பிள்ளையும் தயாரா இருக்கும்.

மருந்தை விட எங்களுக்கு மாத்த கஷ்டமா இருந்தது குளிப்பாட்டுறது தான். எங்க வீட்டுல குழந்தையைக் கால்ல போட்டு, கை பொறுக்குற சூட்டுக்கும் மேல தண்ணி ஊத்தி, பயத்தமாவு போட்டு கன்னத்தை நல்லா அழுத்தித் தேய்ச்சு, துடைச்சு, சாம்பிராணி காட்டி, பவுடர் அப்பி, கன்னத்துல மை வெச்சு திருஷ்டி கழிச்சாத்தான் குளிப்பாட்டினதாவே அர்த்தம். மாவு சொரசொரப்பு, சுடுதண்ணி, புகை, வாசனைப் பவுடர், எல்லாமே கிழிஞ்ச தோலுக்கு எரிச்சல். மை வெச்ச இடத்துல தான் அவளுக்கு எப்பவும் முதல்ல கசியும், அதுவும் கடை மை சிலதுல ஈயம் இருக்குன்னு வேற டெஸ்ட்ல வந்திருக்கு. அத்தைகிட்ட மை வைக்காதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை, அவங்க பேத்திக்கு கண்ணு படக்கூடாதுன்னு வைக்கிறாங்க, அதனால உள்ளங்கால்ல வைங்க அத்தைன்னு கேட்டேன், வீட்டுலயே இழைச்ச சந்தனத்தை ஒரு பொட்டா உள்ளங்கால்ல வெச்சாங்க. அவங்களுக்கும் திருப்தி எனக்கும் திருப்தி.

வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேல இல்லை. சாதாரண சோப்போட பிஹெச் (7க்கு மேல போனா காரம், கீழ போனா அமிலம்) 9, 10னு இருக்கும், தோலோடது 5.5 கிட்ட, அதனால முகத்துக்கு சோப்பே போடுறதில்லை, உடம்புக்கு மட்டும் வாசனை இல்லாத சோப்பில்லாத க்ளென்சர். தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு வெச்சிருக்கோம், அதால ஒத்தி எடுத்து, ஈரம் முழுசா காயுறதுக்குள்ள க்ரீம். வாசனை போட்ட பேபி லோஷன் வேண்டாம், வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி சிம்பிளா இருந்தா போதும், விலையும் கம்மி. தேங்கா எண்ணெய் போடலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. பிலிப்பைன்ஸ்ல எக்ஸிமா இருந்த 117 குழந்தைங்களுக்கு போட்டுப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2014ல வந்துச்சு, மினரல் ஆயிலை விட செக்குல ஆட்டின மாதிரி சூடு படாத தேங்கா எண்ணெய்க்கு நல்ல பலன் இருந்துச்சு. ஆலிவ் ஆயில் வேண்டாம், அது தோல் அடுக்கை இன்னும் பலவீனமாக்குதுன்னு பார்த்திருக்காங்க. எங்க ஃப்ளாட்ல போர் தண்ணி, ஒரே உப்பு, வாட்டர் சாஃப்ட்னர் வாங்கலாம்னு அவர் கிளம்பினார், இங்கிலாந்துல எக்ஸிமா குழந்தைங்க வீட்டுல அதைப் பொருத்தி 2011ல ரிசல்ட் போட்டிருக்காங்க, தனியா ஒரு பலனும் இல்லை. அந்தக் காசை க்ரீமுக்கு வெச்சுக்கிட்டோம்.

ஜொள்ளு விடுற வயசுல சாப்பாடு ஊட்டுறதுக்கு முன்னாடியே வாயைச் சுத்தி, கன்னத்துல, தாடையில ஜெல்லி தடவிட்டா தக்காளி ரசமோ ராகிக் கூழோ பட்டாலும் எரியாது. வெட் வைப்ஸால தேய்க்குறதுக்கு பதிலா ஈரத்துணியால ஒத்தி எடுங்க.

அடுத்து தேமல். என் பெரியவனுக்கு ஆறு வயசுல கன்னத்துல ரெண்டு மூணு இடத்துல வெளிறிப் போய், மேல லேசா செதில் மாதிரி. பார்த்தவங்க எல்லாம் கால்சியம் கம்மி, வயித்துல பூச்சின்னு. பூச்சி மாத்திரை குடுக்குறது நல்லது தான், 2015லேர்ந்து பிப்ரவரி 10ஆம் தேதி குடற்புழு நீக்க நாள்னு அங்கன்வாடியிலயும் ஸ்கூல்லயும் இலவசமா குடுக்குறாங்க, தவறாம போட்டுக்கணும், ஆனா கன்னத்து வெள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. சின்னப் பசங்களுக்கு கன்னத்துல வர்றது பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பா, தோல் வறண்டு லேசா வீங்கி ஆறின தடம். வெயில்ல சுத்தி மத்த இடம் கருத்ததும் இது இன்னும் பளிச்னு தெரியும், லீவு முடிஞ்சு ஜூன்ல தான் எல்லா அம்மாவும் பதறுவாங்க. க்ரீம், வெயில்ல தொப்பி, அவ்ளோதான், நிறம் சேர மாசக்கணக்குல ஆகும், சில பசங்களுக்கு ஒரு வருஷம் கூட ஆகும். இதுக்கும் அதே மூணு மருந்து ட்யூபைத் தடவினா தோல் இன்னும் வெளிறும். ஓரம் வெட்டி வெச்ச மாதிரி சுண்ணாம்பு வெள்ளையா இருந்தா அது வெண்புள்ளியா இருக்கலாம், காட்டிடுங்க. வெளிறின இடத்துல தொட்டா உணர்ச்சி கம்மியா இருந்தா, இல்லை மாசக்கணக்கா அதே தடம் பெருசாகிட்டே போனா, தொழுநோய் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பார்ப்பாங்க, மருந்தும் இலவசம், பேரைக் கேட்டு பயந்து ஒளிச்சு வைக்காதீங்க.

காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாதது ஒண்ணு இருக்கு. எக்ஸிமா இருக்குற முகத்துல திடீர்னு ஒரே சைஸ்ல கொப்புளம் கொப்புளமா வந்து, குத்தி எடுத்த மாதிரி குழி குழியா புண்ணாகி, காய்ச்சலும் சேர்ந்து பிள்ளை சுருண்டு படுத்துட்டா அது ஹெர்பிஸ் வைரஸ், அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி போகணும், கண்ணு கிட்ட இருந்தா இன்னும் அவசரம். பெரியவங்களுக்கு உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வரும்ல, அது இருக்கும்போது குழந்தைக்கு முத்தம் குடுக்கவே கூடாது, அது யாரா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க. தேன் காஞ்ச மாதிரி மஞ்சப் பொருக்கு கட்டினா அது பாக்டீரியா, அதுக்கும் டாக்டர் தான்.

போன வருஷம் ஸ்கூல்ல சேர்த்தப்ப, பக்கத்துல உக்கார்ற பிள்ளையோட அம்மா ஒட்டுமான்னு மிஸ்கிட்ட கேட்டிருக்காங்க. அவங்க பயத்தை நான் தப்பா நினைக்கலை. எக்ஸிமா ஒட்டாது, கன்னத்துத் தேமலும் ஒட்டாது, மஞ்சப் பொருக்கு புண்ணு மட்டும் ஒட்டும், அது வந்தா காயுற வரைக்கும் நாங்களே வீட்டுல வெச்சுக்கிறோம்னு சொல்லி டாக்டர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிக் குடுத்தோம். மிஸ் அதைப் படிச்சிட்டு அந்த அம்மாகிட்டயும் காட்டினாங்க. பி.டி. பீரியட் முடிஞ்சு வேர்த்து வந்தா வெறும் தண்ணியில முகம் கழுவி க்ரீம் போட்டுக்கணும்னு சொல்லி வெச்சிருக்கோம், பையில ஒரு குட்டி டப்பா இருக்கும், இப்பல்லாம் அவளே போட்டுக்கிறா.